சாறு போய் வாசனை வந்தது

1935ஆம் ஆண்டு ஹூபர்ட் ஹான்சன் என்பவர் தம் மூன்று மகன்களோடு சேர்ந்து, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்துத் திரைப்பட ஸ்டூடியோக்களுக்குப் பழச்சாறு விற்கத் தொடங்கினார். காய்ச்சாத, பதப்படுத்தாத, புதிதாகப் பிழிந்த சாறு. படப்பிடிப்பு விளக்குகளின் சூட்டில் நாள் முழுவதும் நின்றவர்களுக்கு அது எப்படி இறங்கியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் குடும்பப் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1988இல் திவாலானது. 1992இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ரோட்னி சாக்ஸ், ஹில்டன் ஷ்லோஸ்பெர்க் ஆகிய இருவர் அதை வாங்கினார்கள். 2002இல் அது ‘மான்ஸ்டர்’ என்ற கறுப்பு டின்னைச் சந்தைக்குக் கொண்டுவந்தது: 473 மில்லிலிட்டர் பானம், அதில் 160 மில்லிகிராம் காஃபின். 2012இல் நிறுவனமே தன் பெயரை மான்ஸ்டர் என்று மாற்றிக்கொண்டது. 2015இல் கோகோ கோலாவோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் ஹான்சன் பெயரிலிருந்த சாறும் சோடாவும் அந்தப் பக்கம் போயின. கோகோ கோலாவின் எனர்ஜி பானங்கள் இந்தப் பக்கம் வந்தன. சாறு விற்க வந்த நிறுவனம் சாற்றைக் கைமாற்றிவிட எண்பது ஆண்டுகள் ஆயின.

பல நாட்டு எனர்ஜி பானங்களை, அதிலும் பழத்தின் படத்தையோ பெயரையோ போட்டு விற்பவற்றை, கிடைத்த இடத்திலெல்லாம் வாங்கிக் குடித்துப் பார்ப்பது என் வழக்கம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களிடம் சாக்லேட்டுக்குப் பதில் டின் கேட்கிறவன் என்று வீட்டில் கேலியும் உண்டு. எதையும் குளிராக ஒரு வாய், குளிர் முழுவதும் போனபின் ஒரு வாய் என்று குடிப்பேன். குளிர்ச்சி பல குறைகளை மறைத்துவிடும்; அறைச் சூட்டில்தான் பானத்தின் உண்மைச் சுவை வெளியே வரும். அப்படிக் குடித்ததில் தெரிந்த ஒன்று: முன்பு தெம்பு பழத்திலிருந்து வந்தது, சுவை அதன் கூடவே வந்தது. இப்போது தெம்பு வேறிடத்திலிருந்து வருகிறது. அதன் கசப்பை மறைக்கப் பழத்தின் சாயலை அழைக்கிறார்கள். இந்த மாற்றம் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. அதனால்தான் ஒப்பிட்டுக் குடிப்பதில் இன்னும் கொஞ்சம் சுவாரசியம் இருக்கிறது.

பிரிட்டனில் இந்தக் கதை வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1908இல் மான்செஸ்டரில் ஜான் நோயல் நிக்கல்ஸ், திராட்சை, ராஸ்பெரி, பிளாக்கரன்ட் சாறுகளோடு மூலிகைகளும் மசாலாப் பொருள்களும் சேர்த்து ‘விம் டானிக்’ என்ற ஒன்றைத் தயாரித்தார். மதுவுக்கு மாற்றாகத் தெம்பு தரும் பானம் என்பது அதன் சிறப்பு. பின்னர் ‘விம்டோ’ என்று பெயர் சுருங்கியது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய தமிழர்களுக்கு இது புதிய பெயரல்ல; அங்கே ரமலான் மாதத்து நோன்பு திறப்பில் விம்டோ இல்லாத வீடு குறைவு. தண்ணீரில் கலந்து குடிக்கிற அந்தக் கெட்டிப்பாகில் பழமும் மசாலாவும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கும். நான் குடித்தவற்றில் பழைய மருந்துக்கடையின் நினைவு இன்னும் மிச்சமிருப்பது அதில்தான்.

லூக்கோசேடின் கதை இதைவிடத் தெளிவானது. 1927இல் நியூகாசில் நகரத்து மருந்துக்கடைக்காரர் வில்லியம் வாக்கர் ஹன்டர், நோயாளிகளின் உடம்பில் எளிதில் சேரும்படியாகக் குளுக்கோஸ் கரைத்த ஒரு பானத்தை உண்டாக்கினார். முதலில் ‘குளுக்கோசேட்’, 1929இல் ‘லூக்கோசேட்’. 1938இல் பீச்சம் நிறுவனம் அதை வாங்கியது. மஞ்சள் நிற செலோஃபேன் தாள் சுற்றிய கண்ணாடிப் புட்டியை மருத்துவமனைக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள் எடுத்துச் சென்றார்கள். நம் ஊரில் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் போன இடத்துக்கு அங்கே லூக்கோசேட் போனது. 1980களில் நோயாளியின் கட்டிலிலிருந்து அதை எழுப்பி ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்பினார்கள். ஒலிம்பிக் வீரர் டேலி தாம்ப்சன் விளம்பரத்தில் வந்தார். குணமாக உதவும் என்று சொல்லிக்கொண்டிருந்த புட்டி, இழந்த சக்தியை ஈடுசெய்யும் என்று சொல்லத் தொடங்கியது. உள்ளே இருந்த பானத்தைவிட வெளியே இருந்த மனிதர்தான் மாறினார்.

பானம் மாறியது 2017இல். 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமை எட்டினால் 24 பென்ஸ் என்ற வரி 2018 ஏப்ரலில் வரவிருந்தது. அதற்கு முன்பாகவே லூக்கோசேட் தன் சர்க்கரையை 4.5 கிராமாகக் குறைத்துவிட்டது. எல்லைக்கோட்டுக்கு அரை கிராம் கீழே. கணக்கில் யாரும் பிழை சொல்ல முடியாது. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கிவிடும்போது குடிப்பதற்காகப் பல நீரிழிவு நோயாளிகள் அந்தப் புட்டியைப் பையில் வைத்திருந்தார்கள். பழைய அளவு இனிப் போதாது, கூடுதலாகக் குடிக்க வேண்டும் என்று அவர்களுக்கு அறிவுறுத்த வேண்டியதாயிற்று. இன்றைய லூக்கோசேடைக் குளிர் போனபின் குடித்தால், ஆரஞ்சுச் சாயல் முதலில் வந்து சட்டென்று நழுவிவிடுகிறது. செயற்கை இனிப்பு மட்டும் நாக்கின் பின்பகுதியில் நெடுநேரம் நிற்கிறது. பழைய புட்டியின் கெட்டியான, சற்றே அலுப்பூட்டும் இனிப்புக்கு ஒரு நேர்மை இருந்தது என்றுதான் சொல்வேன். அந்த இனிப்பு பிள்ளைகளின் பல்லுக்கும் உடம்புக்கும் செய்ததை நினைத்தால் வரி வந்ததும் சரிதான்.

ஜப்பானில் பழம் ஆரம்பத்திலிருந்தே முக்கியப் பாத்திரம் அல்ல. 1962இல் தாய்ஷோ மருந்து நிறுவனம் வெளியிட்ட ‘லிபோவிட்டான் டி’ 100 மில்லிலிட்டர் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் வந்தது: 1,000 மில்லிகிராம் டாரின், 50 மில்லிகிராம் காஃபின், பி வகை வைட்டமின்கள். பல பத்தாண்டுகள் அது மருந்துக்கடையில் மட்டுமே கிடைத்தது. 1999இல் விதி தளர்ந்த பிறகுதான் சாதாரணக் கடை அலமாரிக்கு வந்தது. நுரை கிடையாது. இரண்டு மடக்கில் முடிந்துவிடும். ஏதோ ஒரு பழத்தின் சாயல் தெரியும், எந்தப் பழம் என்று சொல்ல முடியாது. அதன் அடியில் வைட்டமின் மாத்திரையின் நெடி மறையாமல் நிற்கும். அதை மறைக்க அவர்கள் மெனக்கெடவும் இல்லை, ஏனென்றால் மருந்துக்கு மருந்தின் மணம் இருக்கலாம். 1965இல் ஒட்சுகா நிறுவனம் கொண்டுவந்த ‘ஓரனாமின் சி’ வேறு வழியில் போயிற்று. தேனும் 220 மில்லிகிராம் வைட்டமின் சியும் சேர்த்து, வாயு ஏற்றி, 120 மில்லிலிட்டர் புட்டியில் அடைத்தார்கள். வாயு ஏற்றியதால் அது மருந்தாக அல்லாமல் குளிர்பானமாக வகைப்பட்டது. மளிகைக் கடைக்கும் போய்ச் சேர்ந்தது. எலுமிச்சையின் புளிப்பும் தேனின் வழவழப்பும் அதில் இன்றும் நன்றாகத் தெரிகின்றன. எனக்குப் பிடித்த புட்டி இது.

தாய்லாந்தில், ஏழைச் சீனக் குடியேறிகளின் மகனான சலியோ யூவித்யா, ஜப்பானியப் புட்டிகளைப் பார்த்து 1970களின் நடுவில் ‘கிராடிங் டேங்’ பானத்தை உருவாக்கினார். லாரி ஓட்டுநர்களும் கட்டடத் தொழிலாளிகளும் இரவு வேலைக்காரர்களும்தான் அதன் வாடிக்கையாளர்கள். 150 மில்லிலிட்டர், 50 மில்லிகிராம் காஃபின், பாகு போன்ற இனிப்பு, நுரை இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு புட்டிக்கு மேல் குடிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை தாய் எழுத்தில். விலை நெடுங்காலம் 10 பாத். ஆஸ்திரியாவைச் சேர்ந்த டீட்ரிஷ் மாட்டெஷிட்ஸ் 1982இல் பாங்காக்கில் இதைக் குடித்துப் பயணக் களைப்பு நீங்கக் கண்டு, சலியோவோடு கூட்டுச் சேர்ந்தார். இனிப்பைக் குறைத்து, வாயு ஏற்றி, 250 மில்லிலிட்டர் ஒல்லி டின்னில் 80 மில்லிகிராம் காஃபினோடு 1987 ஏப்ரலில் ஆஸ்திரியாவில் ‘ரெட் புல்’ வந்தது. கூலித் தொழிலாளியின் மலிவான புட்டி பனிச்சறுக்கு மைதானத்தின் விலை உயர்ந்த டின் ஆயிற்று. 2024இல் உலகெங்கும் விற்ற ரெட் புல் டின்கள் 1,200 கோடிக்கும் மேல்.

இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்தால் உறவு தெரியும், ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று உடனே சொல்ல முடியாது. தாய்லாந்துப் புட்டி இனிப்பை முன்னால் விடுகிறது; ஆஸ்திரிய டின் சிட்ரிக் அமிலப் புளிப்பை முன்னால் விடுகிறது. இரண்டிலும் பழம் இல்லை. கிரான்பெர்ரி, புளூபெர்ரி, எலுமிச்சை என்று ரெட் புல் வண்ணவண்ண டின்களை இறக்கியது வெகு பின்னால், 2010களில். அவற்றிலும் பழத்தின் பெயர்தான் பெரிது. அடிப்படைப் பானத்தின் மேல் ஒரு வாசனைத் திரை. திரை விலகினால் உள்ளே அதே முகம்.

பழத்தை உள்ளே விடாததற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டுமல்ல. சாறு கெடும், அடியில் வண்டலாகத் தங்கும், காற்றுப் பட்டால் நிறம் மாறும். சர்க்கரையும் பழச்சத்தும் சேர்ந்த இடத்தில் ஈஸ்ட் வளரும். வாயு ஏற்றிய டின்னில் அது நடந்தால் டின் உப்பும். ஆகவே சாற்றைச் சூடாக்கி நீரை ஆவியாக்கிக் கெட்டியாக்குகிறார்கள். அப்போது ஆவியோடு மணமும் போய்விடும். அதைத் தனியே பிடித்துவைத்துப் பின்னால் சேர்க்கிறார்கள், அல்லது வேறு மணத்தைச் சேர்க்கிறார்கள். ஹான்சன் விற்றது போன்ற காய்ச்சாத சாற்றுக்கு ஏங்குகிறவர்கள் 1996ஐயும் நினைவில் வைக்க வேண்டும். அந்த ஆண்டு ‘ஒட்வாலா’ நிறுவனத்தின் காய்ச்சாத ஆப்பிள் சாற்றில் ஈ.கோலை கிருமி புகுந்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். ஒரு குழந்தை இறந்தது. டின்னில் அடைத்த இன்றைய பானத்தைக் குடித்து அப்படி ஆகும் என்ற அச்சம் யாருக்கும் இல்லை. இது சிறிய லாபமல்ல.

சாறு அமெரிக்காவில் ஒரு மாதிரித் திரும்பியும் வந்தது. 2013இல் பெப்சி நிறுவனம் ‘மவுண்டன் டியூ கிக்ஸ்டார்ட்’ என்ற பானத்தைக் காலை நேரத்துக்கென்று இறக்கியது. 473 மில்லிலிட்டரில் 92 மில்லிகிராம் காஃபின், 5 சதவீதம் பழச்சாறு. ஒரு டின்னில் ஏறக்குறைய 24 மில்லிலிட்டர். ஒரு சிறிய எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் வருவது. அந்த 5ஐ மேலட்டையில் பெருமையாகச் சொன்ன தைரியம் எனக்குப் பிடித்திருந்தது. மான்ஸ்டரும் சாறு கலந்த வரிசை ஒன்றை வைத்திருக்கிறது. அதில் ‘பைப்லைன் பஞ்ச்’ என்ற இளஞ்சிவப்பு டின்னுக்குச் சுவையான வரலாறு உண்டு. 1971இல் ஹவாயின் மாவி தீவிலிருந்த ஹலியாகலா பால் நிறுவனத்துக்காக, மேரி சூன் என்ற உணவு ஆலோசகர் பேஷன் பழம், ஆரஞ்சு, கொய்யா மூன்றையும் கலந்து ஒரு பானம் செய்தார். மூன்று பழங்களின் ஆங்கில முதலெழுத்தைச் சேர்த்து அதற்குப் பெயர். அதன் புட்டி மூடிகளை வைத்துப் பிள்ளைகள் ஆடிய ஆட்டம் 1990களில் உலகம் முழுவதும் பரவியது. பால் வண்டியில் வந்த அந்தக் கலவை இன்று ஓவாஹு தீவின் அலைச்சறுக்குக் கடற்கரையொன்றின் பெயரை ஏற்று, 160 மில்லிகிராம் காஃபினோடு டின்னில் இருக்கிறது. கொய்யாவின் மணம் உண்மையாகவே எழுகிறது. நாக்கு அதை நம்பும் முன்பே காஃபினின் கசப்பு பின்வாசல் வழியே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

‘மாங்கோ லோகோ’வைத் தமிழன் நடுநிலையோடு சுவைப்பது கடினம். டின்னைத் திறந்ததும் வரும் மணம் பழுத்த மாம்பழம்தான். வாயில் விட்டால் மாம்பழத்தின் நார்ப்பிடிப்பு இல்லை, அந்தத் தடித்த இழுவை இல்லை. பொருள் பட்டியலைப் பார்த்தால் பல பழச்சாறுகளின் கலவை. மாம்பழம் அவற்றுள் ஒன்று. ஆனால் எனர்ஜி பானங்களில் பழத்துக்கு இந்த அளவாவது இடம் கொடுப்பவை மிகச் சிலவே என்பதையும் சொல்ல வேண்டும்.

பிரேசிலில் மட்டும் கணக்கு தலைகீழ். அமேசான் காட்டின் சதேரே-மாவே மக்கள் குவரானா என்ற கொடியின் பழத்திலிருந்து விதையை எடுத்து, வறுத்து, இடித்து, குச்சியாக உருட்டி உலர்த்தினார்கள். பிராருக்கு என்ற பெரிய ஆற்றுமீனின் எலும்பு நாக்கில் அந்தக் குச்சியைத் தேய்த்து, உதிர்ந்த தூளைத் தண்ணீரில் கலந்து குடித்தார்கள். காபிக் கொட்டையைவிடக் கூடுதலான காஃபின் அந்த விதையில் உண்டு. 1921இல் அந்தார்திக்கா நிறுவனம் அதைச் சோடாவாக்கியது. இன்றும் அது பிரேசிலின் நாட்டுப் பானம் போலத்தான். ஆப்பிளை நினைவூட்டும் இனிப்பு, அடியில் லேசான துவர்ப்பு. பழமும் சுறுசுறுப்பும் ஒரே செடியிலிருந்து வந்த இடம் இது. இப்போது உலகெங்கும் எனர்ஜி டின்களின் பொருள் பட்டியலில் குவரானாச் சாரம் என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த டின்களில் அதன் சுவையைக் கண்டுபிடிக்க என்னால் முடிந்ததில்லை.

குழந்தைகள் விஷயத்தில் காலம் போட்ட திருப்பம்தான் பெரிது. 1938இல் பிரிட்டனில் வந்த ‘ரைபீனா’ பிளாக்கரன்ட் சாற்றால் ஆனது. போரில் ஆரஞ்சுக் கப்பல்கள் வர முடியாமல் போனபோது, 1942 முதல் நாட்டின் பிளாக்கரன்ட் விளைச்சலில் பெரும்பகுதி கெட்டிச்சாறாக்கப்பட்டது. வைட்டமின் சிக்காக அரசே அதைக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. 2004இல் நியூஸிலாந்தில் இரண்டு பள்ளி மாணவிகள் அறிவியல் செய்முறைக்காக அதே பெயரில் வந்த, நேரடியாகக் குடிக்கும் பானத்தைச் சோதித்தபோது, அதில் வைட்டமின் சி ஏறத்தாழ இல்லவே இல்லை. 2007இல் தயாரிப்பு நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 லட்சம் நியூஸிலாந்து டாலருக்கு மேல் அபராதம் கட்டியது. இன்னொரு பக்கம், எனர்ஜி பானங்களை 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது என்று லிதுவேனியா 2014இலும், லாத்வியா 2016இலும், போலந்து 2024இலும் சட்டம் கொண்டுவந்தன. பழத்தின் பெயர் சொன்ன பானத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்ட அரசுகள் போய், பழத்தின் படம் போட்ட டின்னைப் பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்கும் அரசுகள் வந்திருக்கின்றன.

நம் நாட்டுக்கு எனர்ஜி டின் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. விலை அதிகம் என்பதால் பெருநகரத்துக்குள்ளேயே நின்றது. 2017இல் பெப்சியின் ‘ஸ்டிங்’ வந்து, பின்னர் 250 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் 20 ரூபாய்க்கு இறங்கியபோதுதான் அது பெட்டிக்கடைக்கு வந்தது. சிவப்பு நிறம், பெர்ரிப் பழ மணம். வியட்நாமில் பனிக்கட்டி போட்டுக் குடிக்கப்படும் அதே சிவப்பு ஸ்டிங்கின் உறவு. 2016இன் இந்திய விதிப்படி இத்தகைய பானங்களில் காஃபின் லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்குக் குறையவும் கூடாது, 300ஐத் தாண்டவும் கூடாது. அதாவது 250 மில்லிலிட்டரில் 75க்கு மேல் போக முடியாது. ஆஸ்திரிய டின்னின் 80 இங்கே செல்லாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்று அச்சிட வேண்டும். நாள் ஒன்றுக்கு 500 மில்லிலிட்டர்தான் எல்லை என்பதும் உண்டு. நல்ல விதிகள். பள்ளி விட்ட நேரத்தில் கடை முன்னால் நிற்கிற யாரும் அந்தப் பொடி எழுத்தைப் படித்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கடையில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டால், எலுமிச்சை பிழிந்த சோடா, நன்னாரி சர்பத், 1985க்குப் பின் அட்டைப் பெட்டியில் ஃப்ரூட்டி. எலுமிச்சை சோடாவில் காஃபின் கிடையாது. பழம் கண்முன் பிழியப்பட்டது, கடைக்காரர் கையும் கண்முன் இருந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் கண்முன் இல்லை. முத்திரை போட்ட பாட்டிலில் அந்தச் சந்தேகம் இல்லை, எலுமிச்சையும் இல்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழப் பருவம் வந்தால் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. அங்கிருந்து கூழ் உள்நாட்டுப் பானத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்கிறது. அந்தக் கூழ் வாயு ஏற்றாத சாதாரணப் பழபானமானால் ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்தது; 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதே கூழில் வாயு ஏற்றினால் 40 சதவீதம். காஃபின் சேர்ந்த பானத்துக்கும் 40; முன்பும் செஸ்ஸோடு சேர்த்து அதே 40தான். தமிழ்நாட்டு மாங்கூழைக் கணிசமாகப் போட்டு இங்கே ஒருவர் எனர்ஜி பானம் செய்தாலும், ஒரு சொட்டுக்கூடப் பழமில்லாமல் வாசனை மட்டும் சேர்த்துச் செய்தாலும் வரி ஒன்றே. கூழின் விலை மட்டும் அவர் கையிலிருந்து போகும். அப்படி ஒரு மாம்பழ டின் இங்கே இதுவரை என் கண்ணில் படவில்லை. கிடைத்தால் அறைச் சூட்டில் ஒரு வாய் குடித்துப் பார்க்க ஆசைதான்.